நிசேயாவுக்கு முன்பே முடங்கிய முழங்கால்கள்

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில், தவக்காலத்தில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாருமாகச் சில குடும்பங்கள் கூடி வேதம் வாசிக்கிறோம். இயேசு ஒரு போதகர் மட்டுமே, கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள்தாம் வாக்கெடுத்து அவரைக் கடவுளாக்கினார்கள் என்று மதுரையில் படிக்கும் என் அக்காள் மகன் வாதிடுகிறான். ‘பிதா என்னிலும் பெரியவர்’ என்று இயேசுவே சொன்ன வசனத்தையும் காட்டுகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: அவர் இரண்டு வாதங்களை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். வரலாற்றைப் பற்றிய முதல் வாதம் சரியல்ல. வேதவசனத்தைப் பற்றிய இரண்டாவது வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது.

நிசேயாவில் எழுந்த வழக்கு, இயேசு மனிதர் மட்டும்தானா என்பதன்று. அங்கே கண்டிக்கப்பட்ட அலெக்சாந்திரியா மூப்பர் ஆரியுஸ்கூட, உலகம் தோன்றுமுன்பே குமாரன் இருந்தார் என்றும் அவர் வழியாகவே யாவும் உண்டாயின என்றும் ஏற்றவர்தாம். அந்தக் குமாரனும் படைக்கப்பட்டவரே என்று அவர் போதித்ததுதான் சர்ச்சைக்குக் காரணம்.

ஆயர்கள் கூடிய அந்த நிசேயா சங்கத்துக்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் முன்னரே பவுல் பிலிப்பியருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அதன் இரண்டாம் அதிகாரத்தில் வரும் பகுதி, பவுலுக்கும் முன்பே சபையில் பாடப்பட்டு வந்த பாடலாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத் தாழ்த்திச் சிலுவை மரணம் வரை கீழ்ப்படிந்தார் என்றும், ஆகையால் இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கி, நாவுகள் யாவும் அவரைக் கர்த்தரென்று அறிக்கையிடும் என்றும் அது சொல்கிறது. இப்போது ஏசாயா 45-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நானே தேவன், வேறொருவரும் இல்லை என்று இஸ்ரவேலின் கடவுள் சொன்ன கையோடு, ‘முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்’ என்று ஆணையிடுகிறார். ஏக இறைவனைத் தவிர வேறெவரையும் வணங்குவதைப் பெரும்பாவமாக எண்ணிய யூத மரபில் வளர்ந்தவர்கள், வேறு யாருக்கும் உரிமையில்லாத அந்த வணக்கத்தை, சிலுவையில் அறையப்பட்ட ஒருவருக்குச் செலுத்தியிருக்கிறார்கள். இதைவிடத் துணிவான அறிக்கையை நிசேயாவிலும் நான் காணவில்லை.

கொரிந்தியருக்குக் கிரேக்கத்தில் எழுதிய முதல் கடிதத்தின் முடிவிலும், ‘மாரநாதா’ என்ற அரமேயச் சொல்லைப் பவுல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். இயேசுவின் தாய்மொழியைப் பேசிய முதல் விசுவாசிகளின் மன்றாட்டு அது. பிறகு ஏறத்தாழ 112-இல், நிசேயா நகரமும் அடங்கிய பித்தினியா பகுதியின் ரோமானிய ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராயானுக்கு எழுதினார். பிளினி சபைக்கு வேண்டியவர் அல்லர்.

இனி, ‘பிதா என்னிலும் பெரியவர்’ என்ற வசனம். அது யோவான் 14-இல் இருக்கிறது; ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்று தோமா அறிக்கையிடுவதும் அதே யோவான் 20-இல்தான். தேவன் இயேசுவை ஆண்டவராக்கினார் என்று அப்போஸ்தலர் பணிகள் 2-இல் பேதுருவும், முடிவில் குமாரனும் பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பார் என்று 1 கொரிந்தியர் 15-இல் பவுலும் சொல்கிறார்கள். நமக்கு உவப்பானதை மட்டும் வாசித்து இவற்றை மறைத்தால், அந்த இளைஞர் நம்மை நம்பமாட்டார். நம்பாததில் நியாயமும் உண்டு. பிலிப்பியர் பாடலே ‘பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக’ என்றுதானே முடிகிறது? குமாரனை வணங்குவதும் பிதாவை முதன்மையாகப் போற்றுவதும் அங்கே ஒரே வாக்கியத்தில் இணைந்திருக்கின்றன. அந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்பதே பின்னாளில் ஆயர்களைப் பிரித்த கேள்வி.

அடுத்த கூட்டத்தில் ஏசாயா 45-ஐயும் பிலிப்பியர் 2-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். யோவான் 14-ஐ அக்காள் மகனையே வாசிக்கச் சொல்லுங்கள்.