தாதியருக்கு மருந்துகளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்க வேண்டுமா?

“மருத்துவர் எழுதுகிறார், மருந்தகத்தில் கொடுக்கிறார்கள்; இடையில் தாதி எதற்காக ஒவ்வொரு மாத்திரையின் விளைவையும் மனப்பாடம் செய்ய வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியின் முதலாண்டில் மருந்தியல் பாடம் உங்களை வாட்டுகிறது போலும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரின் அரசாங்கக் கிளினிக்கில் 28 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சுடுகிறது.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயில் மண்டபத்தில் ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து உளறிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து ஓய்ந்தவர், இன்னமும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருப்பவர். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். சட்டைக் கழுத்து நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. ஆனால் கை நடுங்கவில்லை, நாடியும் வேகமாக ஓடவில்லை. அவர் இனிப்புநீருக்குச் சர்க்கரையை இறக்கும் கிளிக்கிலசைடும் இரத்தக் கொதிப்புக்கு அட்டனோலோலும் சாப்பிடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அட்டனோலோல் மறைத்துவிடும், வேர்வையை மட்டும் மறைக்காது. எதிர்வீட்டிலிருந்த சர்க்கரை அளக்கும் கருவியில் அளந்தபோது லிட்டருக்கு 2.7 மில்லிமோல் காட்டியது, 4க்குக் கீழே போனாலே காத்திருக்கக் கூடாது. விழுங்க முடிந்ததால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்தேன், 4.4. பூசை முடியுமுன் தளிகையில் கை வைப்பதா என்று ஓர் அம்மாள் முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் சோறும் ஊட்டினேன். கிளிக்கிலசைடின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், சர்க்கரை மீண்டும் இறங்கலாம் என்பதால் மருத்துவமனைக்கும் அனுப்பினோம்.

தெளிந்ததும் அவர் சொன்னது இதுதான்: “நீங்கதானேம்மா சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொன்னீங்க? விரதத்துல ஒரு மணிக்குத்தானே சாப்பாடு.”

உண்மைதான். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறார். மருந்து உறையில் மலாயில் ‘செபெலும் மாக்கான்’ என்று இருந்ததைத் தமிழில் சொல்லிக் கொடுத்தவள் நானே. ரமலானுக்கு முன் நோன்பிருப்பவர்களிடம் மருந்து நேரத்தைப் பற்றி மறக்காமல் பேசுகிற எனக்கு, நம்மவரின் சனிக்கிழமை விரதம் நினைவுக்கு வரவில்லை. மலாய் படிக்கத் தெரியாத தோட்டத்து முதியவர்களுக்கு அந்த உறையில் ஒரு சூரியனும் ஒரு சோற்றுத் தட்டும் வரைந்து கொடுக்கலாம் என்று கூட்டங்களில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், தலையாட்டியதோடு சரி.

தாதி மருத்துவராகப் பார்க்கிறாள் என்று இதன் கீழே யாராவது எழுதக்கூடும். மருந்தை மாற்றும் உரிமை எனக்கில்லை, நான் மாற்றியதும் இல்லை. ஆனால் மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்கள் பார்க்கிறார். இரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரில் தொடங்கிய பிறகு ஓர் அக்காள் மூன்று மாதமாக வறட்டு இருமலோடு வந்து இருமல் மருந்தே வாங்கிப் போகிறார் என்பதும், அதே கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்குச் செருப்பு இறுகும் அளவுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்பதும் முதலில் தாதியின் கண்ணில்தான் படுகின்றன. எந்த மாத்திரை எதைச் செய்யும் என்று தெரியாவிட்டால், கண்ணில் பட்டதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

அந்தப் பெரியவர் விரதத்தை விடவில்லை. அடுத்த புரட்டாசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லி, சனிக்கிழமைக்கு மட்டும் வேறு நேரம் எழுதி வாங்கிக்கொண்டார்.