புற்றுநோய் அறுவை சிகிச்சை: இரத்தம் ஏற்றுவதைக் குறைக்க முடியுமா?

கருப்பைப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்தில் ஆபரேஷன். பல மாத உதிரப்போக்கால் ஹீமோகுளோபின் 9.8. அன்றைக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டால் போதாதா?

அப்படி விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் நல்ல அவகாசம். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் இருப்பதே ஏறக்குறைய மூன்றேகால் லிட்டர் இரத்தம்தான். அதில் அரை லிட்டர் போனாலே பெரிய இழப்பு. அதனால் ஏற்கெனவே குறைந்த நிலையில் மேசைக்குப் போகக்கூடாது.

ஃபெரிட்டின் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்தின் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். புற்றுநோயின் அழற்சி இந்த அளவை உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினில் எவ்வளவு இரும்பு நிரம்பியிருக்கிறது என்பதையும் (டிரான்ஸ்ஃபெரின் செறிவு) சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு குறுகிய காலத்தில் மாத்திரையைவிட நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்தே கைகொடுக்கும். பாட்டிலில் கரும்பழுப்பாகத் தெரிவதைப் பார்த்து இரத்தம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது இரும்பு மருந்துதான். பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஆகவே இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். ஆபரேஷனின்போதே இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த வழி உண்டா?

உண்டு. உறைந்த இரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. இதய அறுவை அல்லாத ஆபரேஷன் செய்துகொண்ட 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. இந்த மருந்தைப் பெற்றவர்களிடம் பெரிய இரத்தப்போக்கு சுமார் கால்பங்கு குறைந்தது. அம்மாவுக்கு முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், உடல் குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. அதனால்தான் அறுவை அரங்கில் உடல் சூடு 36 டிகிரிக்குக் குறையாமல் போர்த்தி வைப்பார்கள்.

தேவைப்பட்டால் என் தம்பியின் இரத்தத்தையே ஏற்றலாமா? ஒரே குரூப்.

பாசம் புரிகிறது, ஆனால் வேண்டாம். நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்கள், பெறுபவரின் உடலையே தாக்கும் அபாயம் உண்டு. அரிதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. தம்பி இரத்த வங்கிக்குத் தானம் தரட்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஹீமோகுளோபின் 8. இரத்தம் வேண்டாம் என்கிறார் மருத்துவர். சரியா?

இரத்தப்போக்கு நின்று, இதய நோயும் இல்லையென்றால் சரிதான். பொதுவாக 7-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவோம். இதய நோய் இருந்தால் 8-லேயே யோசிப்போம். ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் 1 கிராம் உயரும். ஆகவே ஒன்று ஏற்றி, மறுபடி பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஆனால் எண்ணை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், நடு இரவானாலும்.