வைகைத் தண்ணீர் சுத்தமாக என்ன திட்டம் போடலாம்? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, மதுரையில் ஆற்றில் விடுற சாக்கடை நம்ம கடல் வரைக்கும் வருமா?

வருசத்தில் பாதி நாளுக்கு மேல் வராதும்மா. விரகனூர் மதகணை (மதகு வைத்து ஆற்றைத் தடுக்கிற அணை), பார்த்திபனூர் மதகணை, அப்புறம் ராமநாதபுரம் பெரிய கண்மாய் எல்லாம் தாண்டி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் கடலில் சேரும். ஆனால் கோடை முழுக்க ஆற்று மணலிலும் வாய்க்காலிலும் தங்கிய அழுக்கை ஐப்பசியில் வரும் முதல் வெள்ளம் ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு வரும். மாசில் பெரும்பங்கு அந்தச் சில நாளில்தான் இறங்குகிறது. கலங்கல் தண்ணீர் கடலுக்குள் பரவினால் வெளிச்சம் கிடைக்காமல் கடற்புல் வாடும், அதை நம்பி இருக்கிற நண்டும் மீனும் போகும். ஆகவே மழைக்கு முன்னாடியே வாய்க்கால் தூர்வாரி, அள்ளிய சகதியைக் கரையிலேயே குவிக்காமல் அப்புறப்படுத்துவது எந்தத் திட்டத்திலும் முதலில் வரணும்.

கீழக்கரை வாசகர்: சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் முடிந்ததுதானே சார்?

முடியாது. கணக்கைப் பாருங்க. சுத்திகரிக்காத கழிவில் பி.ஓ.டி, அதாவது கழிவு மட்கும்போது தின்னும் ஆக்சிஜன், லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்தால், தினம் 10 லட்சம் லிட்டர் விடும் ஒரு வாய்க்கால் 250 கிலோ சுமையைக் கொட்டுகிறது. நிலையத்தில் சுத்தம் செய்து 20 மில்லிகிராமாகக் குறைத்த தண்ணீர் இதே சுமையைக் கொண்டுவர 1.25 கோடி லிட்டர் வேண்டும்! நிலையத்துக்குப் போய்ச் சேராத வாய்க்கால்தான் ஆற்றைக் கெடுக்குது. ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் நின்று ஓட்டத்தை அளந்து, மாசளவால் பெருக்கி, பெரிய சுமையிலிருந்து வரிசைப்படுத்துங்க, அந்த வரிசைப்படி பணத்தைச் செலவிடுங்க. இந்தக் கணக்கு இல்லாமல் போடும் திட்ட அறிக்கையை நான் மதிக்கமாட்டேன்.

பரமக்குடித் தம்பி: நாங்களே சோதனை செய்யலாமா?

தாராளமா. ஆனால் மத்தியானம் எடுத்துட்டு வராதீங்க. பாசி வெயிலில் ஆக்சிஜன் விடுவதால் கெட்ட தண்ணீரும் அப்போது நல்லதாகத் தெரியும். விடியற்காலையில், சூரியன் எழுவதற்கு முன் எடுங்க, குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூடுங்க. குளிக்கத் தகுந்த நீர் என்றால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி 3ஐத் தாண்டக்கூடாது. மலக் கிருமிச் சோதனைக்குத் தனியா கிருமி நீக்கிய குப்பி, ஐஸ் பெட்டி, அன்றைக்கே ஆய்வகம்.

சாயல்குடி வாசகர்: மதுரை வழியா ஓடுற கிருதுமால் ஆறும் இந்த வைகைக் கணக்கில் வருமா?

அது குண்டாற்றில் சேருது, அதாவது தண்ணீர் வடிந்து சேரும் நிலப்பரப்பே வேற. ஆனா மதுரைக் கழிவை அதுவும் சுமக்கிறதால் அதற்கும் இதே வாய்க்கால் கணக்கைத் தனியாப் போடணும்.

ராமநாதபுரம் அக்கா ஒருவர்: சீமைக் கருவேலத்தைப் பிடுங்கினால் தண்ணீர் சுத்தமாயிடுமா?

தண்ணீர் தடையில்லாம ஓடும்க்கா, ஆனா சாக்கடை வந்து கலப்பது நிற்காது. பிடுங்கிய கரையைச் சும்மா விட்டால் அடுத்த மழையில் மண் முழுக்க கண்மாய்க்குள் இறங்கிடும், அதனால அன்றைக்கே வெட்டிவேரோ நாணலோ வையுங்க.