அந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 58 வயது. பிறப்புறுப்பில் ரொம்ப நாளாக அரிப்பு, ராத்திரி தூக்கமே இல்லை. பூஞ்சைத் தொற்று என்று மருந்துக் கடையில் கொடுத்த களிம்புகளைப் போட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இப்போது தோல் மருத்துவர் 'லைக்கன் ஸ்கிலிரோசஸ்' என்று சொல்லி, குளோபிடசால் ஆயின்ட்மென்ட் எழுதித் தந்திருக்கிறார். அது ஸ்டீராய்டாம்; அந்த இடத்தில் போடக் கூடாது என்று டியூபோடு வந்த தாளில் இருக்கிறது. இது வெண்புள்ளியா, புற்றுநோயா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: தைரியமாகப் போடுங்கள், அம்மா. இந்த நோய்க்கு முதல் மருந்தே அதுதான். தாளில் இருப்பது பொதுவான எச்சரிக்கை. தேவையில்லாமல் போட்டால் தோல் மெலியும் என்பது உண்மைதான். உங்களுக்குத் தேவை இருக்கிறது. போடாமல் விட்டால் உள் உதடுகள் ஒட்டி மறையும், யோனி வாய் சுருங்கும். அப்படிச் சுருங்கிய பிறகு களிம்பால் அதைச் சரிசெய்ய முடியாது.

வழக்கமாக நாங்கள் சொல்லும் முறை: முதல் மாதம் தினமும் ராத்திரி ஒரு தடவை, அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாவது மாதம் வாரம் இரண்டு தடவை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். ஒரு வேளைக்கு அது போதும். 30 கிராம் டியூப் மூன்று மாதம் வரும். கண்ணாடியில் பார்த்து, வெளுத்த இடத்தில் மட்டும் தடவுங்கள். அரிப்பு அடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள், அங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

வெண்புள்ளியில் நிறம்தான் போகும். இதில் தோலே மெலிந்து சுருங்கும், வெடிக்கும், சொறிந்தால் உள்ளே ரத்தம் கட்டும். ஆசனவாயைச் சுற்றியும் பரவலாம். அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் பார்த்தே சொல்லிவிடுவார். பார்க்காமலே களிம்பு கை மாறுவதுதான் என் பெரிய ஆதங்கம். அதிலும் ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் கலந்த களிம்புகள் அரிப்பைக் கொஞ்ச நாள் அமுக்கி, நோயை மறைத்துவிடும்.

இது புற்றுநோய் இல்லை. கவனிக்காமல் விட்டால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு அப்படி மாறலாம். ஒழுங்காக மருந்து போட்டால் அந்த ஆபத்தும் குறைகிறது. ஆறாத புண், தடிப்பு, கட்டி தெரிந்தால் உடனே காட்டுங்கள், சிறு துண்டு எடுத்து பயாப்ஸி செய்வார்கள்.

சுத்தக் குறைவால் வருவதல்ல, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. அதனால் சோப்பு, டெட்டால் போட்டுத் தேய்க்காதீர்கள்; வெறும் தண்ணீர், பிறகு பெட்ரோலியம் ஜெல்லி. உடலின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்குவதால் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதுண்டு, அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மூன்று மாதம் முடிந்ததும் அதே மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது.