மலைப்பகுதியில் ரேடார் படம்: வாசகர் கேள்வி-பதில்

உத்தராகண்டின் சமோலி பக்கத்து சென்டினல்-1 (ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள்) படத்தில் ஒரு சரிவு முழுக்க வெள்ளையாக இருக்கிறது. நிலச்சரிவுதானே?

ஏறுதடமா (செயற்கைக்கோள் வடக்கே போகும்போது எடுத்தது) இறங்குதடமா (தெற்கே போகும்போது எடுத்தது)? படுகோணம், அதாவது ரேடார் கதிர் செங்குத்திலிருந்து சாய்ந்து தரையில் விழும் கோணம், எவ்வளவு? இரண்டையும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினால் எப்படிப் பதில் சொல்வது?

பெரும்பாலும் அது நிலச்சரிவு இல்லை. ரேடார் பக்கவாட்டில் பார்க்கிறது. எந்த எதிரொலி முதலில் வருகிறதோ அதைத்தான் முன்னால் வைக்கும். படுகோணம் 35 டிகிரி என்றால், ரேடாரைப் பார்த்த சரிவு அதைத் தாண்டியதுமே உச்சியின் எதிரொலி அடிவாரத்தை முந்திவிடும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளுத்துப்போகும்; இதுதான் லேஓவர். மறுபக்கச் சரிவு 55 டிகிரியைத் தாண்டினால் நிழல். அங்கிருந்து எதிரொலியே வரவில்லை; எந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை. கடலை ஆராய 1978-ல் ஏவிய சீசாட் செயற்கைக்கோள் 20 டிகிரி சொச்சத்தில் பார்த்தது. அதன் மலைப்படங்களில் சிகரங்கள் ரேடார் பக்கமே சாய்ந்து கிடக்கும்.

பேரிடர் வந்த மறுநாளே, லேஓவர் மாஸ்க்கூட (லேஓவர் விழும் இடங்களை ஒதுக்கிவைக்கும் மறைப்பு) போடாமல், நிலச்சரிவு என்று சிவப்பு வட்டம் வரைந்து வெளியிடுகிறார்கள். எனக்குத் தாங்காத விஷயம் இது. அந்த வட்டத்தை நம்பி மீட்புக் குழு மலையேறும். முன்-பின் படங்களை ஒரே தடத்தில் ஒப்பிடுங்கள். பிறகு எதிர்த்தடத்திலும் (முதலில் ஏறுதடம் என்றால் இறங்குதடத்தில்) பாருங்கள். அங்கும் தெரிந்தால் மட்டும் பேசுங்கள்.

காட்டுக்குள் நிற்கும் லாரி தெரியுமா?

சென்டினல்-1-ன் சி-பேண்ட் அலை (அலைநீளம் 5.6 செ.மீ.) பெரும்பாலும் இலைத்திரளோடு நின்றுவிடும். நாசா-இஸ்ரோ செயற்கைக்கோளான நிசாரின் எல்-பேண்ட் (24 செ.மீ.) உள்ளே போகும், ஆனால் மரத்தண்டும் தரையும் சேர்ந்து திருப்பும் எதிரொலியும் பளிச்சென்றுதான் இருக்கும். அதில் லாரியைப் பிரித்தெடுப்பது கஷ்டம். சரிவான தரையில் நிலைமை இன்னும் மாறும்.

மணலுக்கு அடியில்?

காய்ந்த மணலில் எல்-பேண்ட் ஒன்றிரண்டு மீட்டர் இறங்கும். 1981-ல் விண்வெளி ஓடத்தில் போன சர்-ஏ ரேடார் கிழக்குச் சகாராவில் புதைந்த ஆற்றுத்தடங்களைக் காட்டியது. ஈரமிருந்தால் மறந்துவிடுங்கள்.

கப்பல் கரைமேல் நிற்கிறதே?

ஓடும் கப்பல் அது. ரேடாரை நோக்கி விநாடிக்கு 5 மீட்டர் நகர்ந்தால் படத்தில் அரை கிலோமீட்டர் தள்ளி விழும். கரையோர நகரத்தின் போலி எதிரொலி கடலில் கப்பல்போல் தெரிவதும் உண்டு. அதற்கும் எதிர்த்தடத்தைப் பாருங்கள்.

ரேடார் படத்தைத் திருத்த, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி உள்ள நில உயரத் தரவு போதுமா?

சமவெளிக்குப் போதும். மலைக்கு யோசியுங்கள். பலரும் எடுத்துக்கொள்ளும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்தது, அதுவும் ரேடார்தான். செங்குத்துச் சரிவுகளில் விழுந்த ஓட்டைகளைப் பிறகு வேறு தரவால் அடைத்தார்கள்.