லண்டனுக்குப் போகக் கூடாத கடிதம்

கேள்வி: எங்கள் முன்னோர் ஒருவர் கும்பினிப் படைக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு, வண்டிமாடு கொடுத்தவர். 1802-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அவருக்கு வந்த கடிதத்தில், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் கையெழுத்து இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான். அண்ணனோ கடிதத்தை எடுத்துப்போய், லண்டனில் ஏலம் விட ஏற்பாடு செய்துவிட்டார். பாதிப் பணம் கேட்டு வழக்குப் போடலாமா? கையெழுத்து ‘வெலிங்டன்’ என்று இல்லாததால் போலி என்கிறார் சித்தப்பா. — வாசகி, வேலூர்

பதில்: அம்மாவை யார் பார்த்துக்கொண்டார் என்பது இந்த வழக்குக்கு உதவாது. வாரிசுகள் நீங்கள் இருவர் மட்டும் என்றால் கடிதத்தில் பாதி உங்களுடையது, சரி. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் காகிதம் இந்தியாவை விட்டுப் போகலாமா? கூடாது.

75 ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ தவிர யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம். பொருளும் பறிமுதலாகும். சித்தப்பா பேச்சை நம்பி ‘இது வெறும் காகிதம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெலிங்டன் என்ற பட்டம் வெல்லெஸ்லிக்கு 1809-இல்தான் வந்தது. 1802-இல் அப்படிக் கையெழுத்து இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எனக்குப் பயம் உங்களைப் பற்றித்தான். ‘லண்டன் விலையில் பாதி கொடு’ என்று பிராது போட்டால், சட்டவிரோத விற்பனையில் பங்கு கேட்பதாக நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. அந்தப் பணத்தைப் பிரித்துத் தர நீதிமன்றம் முன்வராது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், பழைய ஆவணத்தைப் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துக் கூரியரில் போட்டார் தம்பி. சுங்கத்தில் பிரித்துவிட்டார்கள். ‘என் பங்கு எப்போ வரும்’ என்று வாட்ஸ்அப்பில் கேட்ட ஒரே காரணத்துக்காக அக்காவுக்கும் சம்மன் வந்தது. அவர் அந்த ஆவணத்தைக் கையால்கூடத் தொட்டதில்லை.

அதனால் அண்ணனோடு பேசி முடியுங்கள். உள்நாட்டில் ஒருவருக்கு விற்கத் தடையில்லை. அதையே வியாபாரமாகச் செய்பவருக்குத்தான் உரிமம் வேண்டும். விலை குறைவாகத்தான் கிடைக்கும், ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு முன், வெளிநாட்டு விற்பனைக்கு உங்களுக்குச் சம்மதமில்லை என்று அண்ணனுக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை வேண்டாம். அப்புறமும் அவர் கேட்கவில்லை என்றால், கடிதத்தை நாட்டை விட்டு எடுத்துப்போகக் கூடாது என்று தடையுத்தரவு மட்டும் கேளுங்கள்.