கடனை ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள்!

வாசகர் கேள்வி – பதில்

சூதாட்டப் பழக்கம், அதனால் ஏறிய கடன் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒரு மனநல மருத்துவரும் ஒரு கடன் ஆலோசகரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் கணவருக்கு 34 வயது. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், சம்பளம் 38,000. நான் வீட்டில் தைத்து மாதம் 9,000 வரை சம்பாதிக்கிறேன். ஆன்லைன் ரம்மியில் ஆரம்பித்தவர், தடை வந்த பிறகு டெலிகிராமில் கிரிக்கெட் பெட்டிங் கட்டுகிறார். கடன் எட்டு லட்சம்: பர்சனல் லோன் 3,20,000, கிரெடிட் கார்டு 1,40,000, நகைக்கடன் 1,10,000, அஞ்சு வட்டிக்கு ஒரு லட்சம், நண்பர்களிடம் 85,000, லோன் ஆப்களில் 45,000. "மனையை விற்று மொத்தத்தையும் அடைக்கிறேன், மாப்பிள்ளை கோயிலில் சத்தியம் செய்யட்டும்" என்கிறார் என் அப்பா. சரியா? – வாசகி, திருப்பூர்

மனையை விற்க வேண்டாம். சத்தியமும் வேண்டாம்.

உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடு ஒன்றில் சூதாட்ட நோய்க்கு ஒன்பது அறிகுறிகள் தரப்பட்டிருக்கின்றன. 12 மாதங்களுக்குள் நான்கு தென்பட்டாலே அது நோய். விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவது அதில் ஒன்று. பொய் சொல்லி மறைப்பது இன்னொன்று. பணநெருக்கடியிலிருந்து மீள மற்றவர்கள் கொடுக்கும் பணத்தை நம்பியிருப்பதும் அந்த ஒன்பதில் வருகிறது. உங்கள் அப்பா பாசத்தோடு செய்ய நினைப்பது இந்தக் கடைசி அறிகுறிக்குத் தீனி போடும். நடைமுறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்டு பாக்கியைக் கட்டியதும் அந்த 1,40,000 லிமிட் மறுபடி திறந்துகொள்ளும். ஒழுங்காக அடைத்தவர் என்று பேங்கே "உங்களுக்கு லோன் ரெடி" என்று மெசேஜும் அனுப்பும்.

பணம் அவர் கைக்குப் போகும் வழிகளை முதலில் மூடுங்கள், கடன் கணக்கு அதற்குப் பிறகுதான். சம்பளம் விழும் கணக்கின் ஓடிபி உங்கள் நம்பருக்கு வரட்டும். அவருடைய போனிலிருந்து யுபிஐ ஆப்களை நீக்குங்கள். வேலைக்கு யுபிஐ இல்லாமல் முடியாதென்றால் 'யுபிஐ சர்க்கிள்' வசதியில், ஒவ்வொரு செலவுக்கும் நீங்கள் அனுமதி கொடுக்கும்படி வைக்கலாம். டெபிட் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் அணைத்துவிடுங்கள். 'பே லேட்டர்' (இப்போது வாங்கிப் பிறகு கட்டும்) கணக்குகளை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மிச்ச நகையும் பத்திரங்களும் உங்கள் பெயரில் உள்ள லாக்கருக்குப் போகட்டும். வாரச் செலவுக்கு அவருக்கு ரொக்கம் கொடுங்கள். இதையெல்லாம் அவர் சம்மதத்தோடு, கணக்கு நோட்டை அவரும் பார்க்கும்படி செய்ய வேண்டும். தண்டனையாகச் செய்தால் புது சிம் வாங்கிக்கொள்வார்.

அடுத்தது, கடன் உண்மையிலேயே எட்டு லட்சம்தானா என்று பார்ப்பது. முதல் முறை ஒப்புக்கொள்ளும்போது பெரும்பாலும் முழுத்தொகை வெளியே வராது. யார் எங்கே கடன் வாங்கினார் என்று பதிவு வைக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. அதையும் 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீட்டு பாக்கி, ஆபீஸ் சொசைட்டி கடன், கைமாற்று இவை அறிக்கையில் வராது, கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இப்போது நீங்கள் எழுதிய தொகைகளுக்கு வருவோம். அஞ்சு வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். மாதம் 5,000 கட்டிக்கொண்டே இருந்தாலும் அசல் அப்படியே நிற்கும். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 4,900, அதன்மேல் ஜிஎஸ்டி 882. 'மினிமம் டியூ' (குறைந்தபட்சத் தவணை) 7,000 கட்டினால் அசலில் 1,218 ரூபாய்தான் குறையும். அதே பாக்கியை 18 சதவீத வட்டியில் 24 மாத இஎம்ஐயாக மாற்றச் சொல்லுங்கள். தவணை சுமார் 6,990, ஜிஎஸ்டி சேர்ந்தால் கொஞ்சம் கூடும். கட்டும் தொகை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இரண்டு வருடத்தில் கடனே இருக்காது. தவணை தவறிய பிறகு கேட்டால் பல பேங்குகள் மாற்றித் தருவதில்லை. மாற்றியதும் கார்டை முடக்கி, பாக்கி தீர்ந்ததும் மூடிவிடுங்கள்.

அப்பாவின் உதவி தேவைப்படுவது அஞ்சு வட்டிக்கும் லோன் ஆப்புக்கும்தான், மொத்தம் 1,45,000. அவர் வீட்டு நகையை அவர் பெயரிலேயே பேங்கில் வைத்தால், ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 1,200 சொச்சம். அந்தப் பணம் உங்கள் கணவர் கை வழியாகப் போகவே கூடாது. வட்டிக்காரரிடம் அப்பாவே போய்க் கொடுத்து, புரோநோட்டின் பின்பக்கம் 'அசல் வட்டி பைசல்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, நோட்டையும் வெற்று செக்கையும் கையோடு வாங்கி வர வேண்டும். கொடுக்க மறுத்தாலோ மிரட்டினாலோ 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸில் புகார் கொடுங்கள்.

பர்சனல் லோன் 16 சதவீதம், 36 மாதம் என்றால் இஎம்ஐ 11,250. கார்டுக்கு 7,000 சொச்சம், இரண்டு நகைக்கடன் வட்டிக்கும் சுமார் 2,150, நண்பர்களுக்கு முறை வைத்து 4,000. ஆக 24,400. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 22,600 மிஞ்சும். இறுக்கமான மூன்று வருடம்தான். ஆனால் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போவதை அவர் பார்ப்பது சிகிச்சையிலும் ஒரு பகுதி.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். "நான் போய்ட்டா எல்லாம் சரியாயிடும்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள். 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

70 நாள் ஆடாமல் இருந்தேன். சம்பள நாளன்று ராத்திரி 500 ரூபாயில் ஆரம்பித்து விடிவதற்குள் 22,000 போனது. நான் தேறவே மாட்டேனா? – வாசகர், திருச்சி

70 நாள் நின்றது வீணாகவில்லை. எதனால் சறுக்கினீர்கள் என்று பாருங்கள்: சம்பளம் வந்த நாள், இரவு, தனிமை, கையில் போன். அநேகமாக எல்லோருக்கும் இதே கூட்டணிதான். ஐபிஎல் மாதங்களும் வீட்டுச் சண்டையும் உங்கள் பட்டியலில் உண்டா என்றும் யோசியுங்கள். சம்பளம் விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இஎம்ஐ, வாடகை எல்லாம் தானாகக் கழிந்துவிடும்படி ஆட்டோ டெபிட் வையுங்கள். இரவு 9 மணிக்கு மேல் போன் வேறு அறையில் இருக்கட்டும். எழுப்ப ஒரு டைம்பீஸ் வாங்குங்கள், 200 ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஆடும் உந்துதல் அலை மாதிரி ஏறி, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். "ஆடவே மாட்டேன்" என்று அதோடு மல்லுக்கட்டாதீர்கள். "30 நிமிடம் கழித்துப் பார்க்கலாம்" என்று எழுந்து வெளியே நடங்கள், யாருக்காவது போன் பண்ணுங்கள். "ஒரே ஒரு சீட்டில் போச்சு" என்ற நினைப்பிடம் உஷாராக இருங்கள். மயிரிழையில் தோற்பதை மூளை ஏறத்தாழ ஜெயித்த மாதிரியே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் தோற்க தோற்க ஆட்டம் சூடுபிடிக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இந்தப் பழக்கத்துக்கு முதன்மையான சிகிச்சை, எண்ணங்களைத் திருத்தும் பேச்சு சிகிச்சை. சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரையும் தருவார்கள். மனச்சோர்வோ குடியோ கூடவே இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் சரிசெய்ய முடியாது.

லோன் ஆப்பில் 5,000 கேட்டேன், கையில் வந்தது 3,100. ஏழாம் நாளே என் போட்டோவை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டுகிறார்கள். – வாசகி, மதுரை

'எக்ஸ்டென்ஷன்' (கெடு நீட்டிப்பு) என்று கேட்கும் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டுபவர் என்று தெரிந்தால் மிரட்டல் கூடும். இன்றே உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு, "என் பெயரில் போலிப் படம் வரலாம், திறக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்" என்று செய்தி அனுப்புங்கள். அவர்கள் கையில் இருப்பது உங்கள் வெட்கம் ஒன்றுதான், இந்தச் செய்தியோடு அதுவும் போய்விடும். மிரட்டல் மெசேஜ், நம்பர், பணம் வந்த யுபிஐ ஐடி எல்லாவற்றையும் சேமித்த பிறகு ஆப்பின் அனுமதிகளை நீக்கி அழியுங்கள். முதலிலேயே அழித்தால் ஆதாரம் போய்விடும். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் கொடுங்கள்.

ஆப் முறையானதுதானா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளப் பட்டியலில் பார்க்கலாம். பட்டியலில் இருந்தால் அதன் பின்னால் உள்ள நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை.

சூதாட்டக் கடன் சட்டப்படி செல்லாது என்கிறாரே என் நண்பர்? – வாசகர், சேலம்

பாதிதான் சரி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி, பந்தயத்தில் ஜெயித்தவர் தோற்றவர்மேல் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. பேங்கில் வாங்கிய கடனை நீங்கள் பந்தயத்தில் விட்டால் அது பேங்கின் பிரச்சினை இல்லை, கட்டித்தான் ஆக வேண்டும். செக் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அது திரும்பி வந்து நோட்டீஸ் கைக்குக் கிடைத்தால், பணத்தைக் கட்ட 15 நாள்தான் அவகாசம்.

பெட்டிங் தளத்திலிருந்து 6,000 ரூபாய் 'வித்ட்ரா' செய்தேன். வேறு மாநில போலீஸ் சொல்லி என் கணக்கை முடக்கிவிட்டார்கள். – வாசகர், ஓசூர்

2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்த பிறகும் இயங்கும் தளங்கள், யார் யாருடைய கணக்குகள் வழியாகவோ பணத்தைச் சுற்றவிடுகின்றன. உங்களுக்கு வந்த 6,000, எங்கோ மோசடியில் ஒருவர் இழந்த பணமாக இருக்கலாம். பேங்கில் புகார் எண்ணையும் விசாரிக்கும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் எப்படி வந்தது என்று உள்ளதை உள்ளபடி அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். அந்தச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. கணக்கு முழுவதையும் அல்லாமல் அந்த 6,000ஐ மட்டும் நிறுத்திவைக்கும்படி கேட்கலாம். "கமிஷன் தருகிறேன், உன் அக்கவுண்டைக் கொடு" என்று யாராவது கேட்டிருந்தால் உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அப்பாவுக்கு 67 வயது, பார்க்கின்சன் நோய். சீட்டே தொடாத மனிதர், ஒரு வருடமாக எல்லை தாண்டிப் போய்க் கேரள லாட்டரி வாங்கிக் குவிக்கிறார். பென்ஷன் முழுக்கப் போகிறது. வயதான காலத்தில் இப்படியா? – வாசகர், கோவை

அவரைத் திட்டுவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்று இருக்கிறதா? பார்க்கின்சனுக்கு நல்ல மருந்துகள்தான். ஆனால் மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைச் செய்வதால், சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசை, வாங்கிக் குவிக்கும் ஆசை, பாலியல் ஆசை வரும். இது நன்றாக அறியப்பட்ட பக்கவிளைவு. வெட்கப்பட்டு மறைப்பதால் வெளியே வருவதில்லை. நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் உடல் முடங்கிப் போகலாம். நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைத்தோ மாற்றியோ கொடுப்பார், பலருக்கு ஆசை அடங்கிவிடும். போகும்போது ஒரு தாளில் மாத்திரை ஆரம்பித்த தேதி, அளவு கூட்டிய தேதிகள், லாட்டரி ஆரம்பித்த மாதம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசாதீர்கள், அவர் முன்னாலேயே சொல்லுங்கள்.